பால்மாப் பெட்டியில் ஒரு பிளாஷ்!
எறும்பைப் படம் பிடிக்கும் இலுப்பைக்கடவை இளைஞன்

“சேர், ஒருக்கா வந்து இவனுக்குப் புத்தி சொல்லிப்போட்டுப் போங்கோ. கரண்ட் அடிச்சு விழுந்தும் இன்னும் திருந்தேல்லை!”

இலுப்பைக்கடவையிலிருந்து தொலைபேசியில் இப்படிச் சொன்னவர் என்னுடைய பழைய மாணவர். எண்பதுகளில் நான் அந்தப் பகுதிப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில் முன்வாங்கில் இருந்தவர். இன்று அவருக்கு ஒரு சைக்கிள் திருத்தும் கடை. “இவன்” என்று அவர் சொன்னது பத்தொன்பது வயதான தம் மூத்த மகனை.

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கி ஏ-32 வீதியில் போகிறவர்கள் விடத்தல்தீவைத் தாண்டி இலுப்பைக்கடவைக்கு வருவார்கள். மேற்கே கடல், கிழக்கே வயலும் காடும். எனக்கு விடத்தல்தீவுதான் பிறந்த ஊர். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது நாங்களும் புத்தளம் வந்து சேர்ந்தோம். 2008ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யுத்தம் அந்தக் கரையோரத்தால் நகர்ந்தபோது, இலுப்பைக்கடவை மக்களும் வீடு வாசலை விட்டுப் போனார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பின்புதான் திரும்பி வந்தார்கள். ஆகவே, வெறுங்கையோடு தொடங்குவது என்றால் என்னவென்று எனக்கும் தெரியும், என் மாணவருக்கும் தெரியும். மகன் ஒரு பொருளைப் பாழாக்குகிறான் என்றால் அவருக்கு ஏன் அவ்வளவு கோபம் வருகிறது என்பதும் எனக்கு விளங்கியது.

புறப்பட்டுப் போனேன்.

கடை மூலையில் ஒரு விசித்திரம்

கடையின் பின் மூலையில் ஒரு மேசை. அதன் மேல் ஒரு கமரா. கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவர் தாம் பாவித்து முடித்து அனுப்பிய பழைய டிஜிட்டல் கமரா அது. அதுவரை சரி. ஆனால் கமராவின் வாயில் தண்ணீர்க் குழாய்த் துண்டொன்று முளைத்திருந்தது. குழாயின் நுனியில் ஒரு பழைய ரஷ்ய லென்ஸ். கமராவின் அடியிலிருந்து ஓர் அலுமினியப் பட்டை வளைந்து மேலே வந்திருந்தது. அதிலிருந்து சைக்கிள் மட்கார்ட் கம்பிகள் இரண்டு முன்னால் நீண்டு ஒரு பிளாஷைத் தாங்கி நின்றன. அந்த பிளாஷின் முகத்தில் ஒரு பால்மாப் பெட்டி!

“இதென்னடா தம்பி?” என்றேன்.

“எறும்பு பிடிக்கிற கமரா, சேர்” என்றான் பையன்.

பிறகு தன் படங்களைக் காட்டினான். மாவிலைகளைப் பின்னிக் கூடு கட்டும் சிவப்பு முசுறை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம், கடியும் வாங்கியிருக்கிறோம். ஆனால் அதன் முகத்தைக் கண்டவர் எத்தனை பேர்? முசுறொன்று தன் கூட்டத்துப் புழுவை வாயில் கவ்விக்கொண்டு, அந்தப் புழு விடும் பட்டு நூலால் இரண்டு இலைகளைத் தைத்துக்கொண்டிருக்கும் காட்சி அந்தப் படத்தில் இருந்தது. நூல் வெள்ளி இழைபோல் மின்னியது. முப்பது வருடங்கள் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். இதைப் புத்தகத்தில் வாசித்து வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் கண்ணால் கண்டது அன்றுதான்.

புத்தி சொல்ல வந்தவன் பேச்சிழந்து நின்றேன்!

முதலில் அந்தக் கரண்ட்

ஆனாலும் தகப்பனின் பயத்தில் நியாயம் இருந்தது. பையன் வெளிச்சத்தை இன்னும் முன்னுக்குக் கொண்டுவர நினைத்து, பழுதான ஒரு பிளாஷைக் கழற்றியிருக்கிறான். “பற்றரியைக் கழற்றிப்போட்டுத்தான் திறந்தனான் சேர்” என்றான். அங்கேதான் ஆபத்து.

பெரும்பாலான பிளாஷ்களில் நாம் போடுவது சிறிய பற்றரிகள் நான்கு. மொத்தம் 6 வோல்ட்தான். அதைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் உள்ளே இருக்கும் சுற்று அந்த 6 வோல்ட்டை ஏறக்குறைய 300 வோல்ட்டாக உயர்த்துகிறது. பிளாஷைப் போட்டதும் “கீய்ங்” என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்குமே, அது அந்த வேலை நடக்கும் சத்தம். உயர்ந்த மின்சாரம் கொள்ளளவி என்னும் உருளையில் தேங்கி நிற்கும். பொத்தானை அமர்த்தியதும் அவ்வளவும் ஒரே கணத்தில் செனன் வாயு நிரம்பிய கண்ணாடிக் குழாயினூடாகப் பாய்ந்து ஒளியாகிறது.

பற்றரியைக் கழற்றினாலும் கொள்ளளவியில் தேங்கியது உடனே போய்விடாது. மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் நிற்கும். விரல் பட்டால் தூக்கி எறியும். நெஞ்சு வழியாகப் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. பிலிம் காலத்தில் ஒருமுறை பாவித்து எறியும் மலிவுக் கமராக்கள் வந்தனவே, அவற்றின் பிளாஷிலும் இதே கதைதான். வீட்டில் பழைய கமராவோ பிளாஷோ கிடந்தால், பிள்ளைகள் அதைக் கழற்றி விளையாட விடாதீர்கள்.

நான் பையனிடம் ஒரு வாக்கு வாங்கினேன். பிளாஷின் உள்ளே கை வைப்பதில்லை. வெளியே என்ன வேண்டுமானாலும் கட்டலாம், வளைக்கலாம், ஒட்டலாம். பெட்டியைத் திறப்பது மட்டும் இல்லை. தகப்பனும் அதற்குச் சம்மதித்தார். பார்க்கப் போனால், நல்ல படத்துக்கு பிளாஷைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. அதன் வெளிச்சத்தை எங்கே வைப்பது, எப்படி மென்மையாக்குவது என்பதுதான் கலை.

ஏன் சாதாரணக் கமராவால் முடியாது?

எறும்பைக் கிட்டப் போய் எடுத்தால் படம் மங்குகிறது. எட்டி நின்று எடுத்தால் எறும்பு புள்ளியாகிறது. காரணம் எளிது. சாதாரண லென்ஸ் ஓர் அளவுக்கு மேல் கிட்ட உள்ள பொருளைத் தெளிவாகக் காட்டாது. லென்ஸைக் கமராவிலிருந்து விலக்கி முன்னே தள்ளினால், இன்னும் கிட்ட உள்ள பொருள் தெளியும். எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு பெரிதாகும்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. விலக்கிய தூரத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும். பையனிடம் இருப்பது 58 மில்லிமீற்றர் லென்ஸ். அதை 58 மில்லிமீற்றர் முன்னே தள்ளினால் விடை ஒன்று. அதாவது 8 மில்லிமீற்றர் நீளமான எறும்பின் உருவம் கமராவின் உள்ளேயும் 8 மில்லிமீற்றர் நீளத்துக்கே விழும். இதைத்தான் ஒன்றுக்கு ஒன்று என்பார்கள். அவனுடைய கமராவின் உள்ளிருக்கும் ஒளியுணர் தகடு ஏறக்குறைய 22 மில்லிமீற்றர் அகலம். ஆகவே எறும்பு படத்தில் மூன்றில் ஒரு பங்கை நிறைத்துவிடும்.

ஆனால் கிட்டப் போகப் போக இரண்டு இடைஞ்சல்கள் வரும். ஒன்று, வெளிச்சம் குறையும். ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் வழக்கமான வெளிச்சத்தின் கால்வாசிதான் உள்ளே விழும். மற்றது, தெளிவாகத் தெரியும் ஆழம் சுருங்கிவிடும். துவாரத்தை எஃப் 11 அளவுக்குச் சிறிதாக்கினாலும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்புத்தான் தெளிவாக இருக்கும். எறும்பின் கண் தெளிந்தால் கால் மங்கும். சரி, துவாரத்தை மேலும் சிறிதாக்கலாமே என்றால், வெளிச்சம் இன்னும் குறைவதோடு ஒளி சிதறிப் படம் முழுவதும் மழுங்கிப் போகும். எஃப் 8க்கும் எஃப் 11க்கும் இடையில் நிற்பதே நல்லது.

வெளிச்சமும் குறைவு, ஆழமும் குறைவு, எறும்போ ஒரு கணம் நிற்பதில்லை. அதனால்தான் பிளாஷ் வேண்டியிருக்கிறது. குறைந்த வலுவில் வைத்த பிளாஷ் ஒரு செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் மின்னி முடிந்துவிடும். அந்த நேரத்துக்குள் எறும்பும் அசையாது, நம் கையும் நடுங்காது.

குழாய் செய்த கதை

இந்த வேலைக்கென்றே செய்த லென்ஸ்கள் கடைகளில் உண்டு. அவற்றின் விலைக்கு இந்தக் கடையில் இருக்கும் சைக்கிள்களில் பாதியை வாங்கிவிடலாம். பையன் செய்தது இதுதான்.

மன்னாரில் மூடப்பட்ட ஒரு பழைய ஸ்டூடியோவின் சாமான்களோடு செனித் கமரா ஒன்று கிடந்திருக்கிறது. சோவியத் காலத்தில் மொஸ்கோவுக்கு அருகே செய்யப்பட்டு உலகமெங்கும் மலிவாக விற்கப்பட்ட கமரா. நம் ஊர்க் கல்யாணங்களையும் அது கண்டிருக்கிறது. கமரா பழுது. ஆனால் அதிலிருந்த ஹீலியோஸ் லென்ஸ் நல்ல நிலையில் இருந்தது. பழைய லென்ஸில் ஒரு பெரிய வசதி, துவாரத்தைக் கையாலேயே திருகிச் சிறிதாக்கலாம். இன்றைய லென்ஸ்கள் பலவற்றில் அந்த வளையம் இல்லை. கமராவிலிருந்து கழற்றிவிட்டால் துவாரத்தை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

கமராவின் வாய்க்குப் போடும் பிளாஸ்டிக் மூடி ஒன்று, லென்ஸின் பின்பக்கத்துக்குப் போடும் மூடி ஒன்று. இரண்டின் நடுவையும் வட்டமாக வெட்டி எடுத்தான். இடையில் ஒன்றரை அங்குலப் பிவிசி குழாய்த் துண்டு. மூடிகளின் தடிப்பையும் சேர்த்து மொத்த நீளம் 58 மில்லிமீற்றர் வரும்படி வாளால் அறுத்து, அரத்தால் தேய்த்து, இரண்டு பக்கமும் எப்பொக்சிப் பசையால் ஒட்டினான். ஒரு முனை சற்றுச் சரிந்தாலும் படத்தின் ஒரு பக்கம் மங்கிவிடும். முதலாவது குழாய் அப்படித்தான் வீணாயிற்றாம். கண்ணாடிப் பலகை மேல் வைத்து நிமிர்த்தி ஒட்டிய பின்புதான் சரிவந்தது.

அடுத்து நடந்ததுதான் என்னைச் சிரிக்க வைத்தது. குழாயின் உட்புறம் வெள்ளையாக இருந்தால் ஒளி தெறித்துப் படம் வெளிறும். மினுமினுக்கும் கறுப்புப் பெயின்டும் உதவாது. ஒளியைக் குடிக்கும் கறுப்பு வேண்டும். பையன் கண்டுபிடித்த பெயின்ட் எது தெரியுமா? பாடசாலைக் கரும்பலகைக்குப் பூசுவது! என் வாழ்நாளில் பாதி அதன் முன்னால்தான் கழிந்தது. அதற்கு இப்படியும் ஓர் உபயோகம் உண்டென்று எனக்குத் தோன்றவே இல்லை.

செய்து பார்க்க விரும்பும் வாசகர்களுக்கு ஒரு சொல்: அறுத்த குழாயை நன்றாகக் கழுவிக் காயவைத்துத் துடைத்த பின்பே கமராவில் மாட்டுங்கள். பிளாஸ்டிக் தூள் உள்ளே விழுந்தால் ஒவ்வொரு படத்திலும் கரும்புள்ளி தெரியும்.

பட்டையும் கம்பியும்

பிளாஷைக் கமராவின் தலையில் வைத்தால், எறும்பு லென்ஸுக்கு 10 சென்ரிமீற்றர் முன்னால் இருக்கும்போது வெளிச்சம் அதன் மேலால் போய்விடும். லென்ஸின் நிழலும் குறுக்கே விழும். ஆகவே பிளாஷ் லென்ஸின் நுனிக்கு வரவேண்டும். வந்தால் இன்னொரு இலாபமும் உண்டு. தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். அப்போது பிளாஷின் வலுவைக் குறைத்து வைக்கலாம். மின்னும் நேரமும் குறையும்.

ஓர் அங்குல அகலமான அலுமினியப் பட்டையில் ஒரு துளை. கமராவின் அடியில் முக்காலிக்கென்று இருக்கும் துளைக்கு எந்த நாட்டுக் கமராவானாலும் பெரும்பாலும் ஒரே அளவுதான். கால் அங்குல போல்ட், அங்குலத்துக்கு 20 புரி. ஹார்ட்வெயார் கடையிலேயே கிடைக்கும். ஆனால் நீளமான போல்ட்டைப் பலமாக இறுக்கினால் கமராவின் அடியைக் கிழித்துவிடும். ஐந்து மில்லிமீற்றர் உள்ளே போனால் போதும். மிகுதிக்கு வாஷர் போட வேண்டும். பட்டையை வளைத்து மேலே கொண்டுவந்து, அதில் மட்கார்ட் கம்பிகளைப் பூட்டி, பிளாஷ் மேலிருந்து சரிந்து எறும்பைப் பார்க்கும்படி செய்திருந்தான். கமராவையும் பிளாஷையும் ஒரு வயர் இணைக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மிகப் பழைய பிளாஷ்களில் சில, கமராவோடு இணையும் முனையிலேயே 200 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கும். பழைய கமராக்கள் அதைத் தாங்கின. டிஜிட்டல் கமராவின் உள்ளுறுப்புகள் கருகிப் போகலாம். மீற்றர் வைத்திருக்கும் ரேடியோ திருத்துநர் ஒருவரிடம் அளந்து பார்க்காமல் பழைய பிளாஷைப் பூட்ட வேண்டாம்.

பால்மாப் பெட்டியின் வேலை

வெறும் பிளாஷால் எடுத்த முதல் படங்களையும் பையன் வைத்திருந்தான். முசுறின் முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டு, மற்றதெல்லாம் கன்னங்கரேல். கரிய வண்டை எடுத்தால் இன்னும் மோசம். சின்ன விளக்கு கூர்மையான நிழலைத் தரும். அகன்ற விளக்கு மென்மையான நிழலைத் தரும். மேகம் மூடிய பகலில் முகம் அழகாகத் தெரிவது இதனால்தான். முழு வானமுமே விளக்காகிவிடுகிறது.

எறும்புக்கு ஒரு வானம் செய்ய வேண்டும். அவ்வளவுதானே! பால்மாப் பெட்டியைச் சரிவாக வெட்டி, உள்ளே சமையலறை அலுமினியத் தாளை ஒட்டி, வாய்க்கு ட்ரேசிங் தாள் கட்டினான். அதற்குப் பின்னால், பிளாஷின் முகத்துக்குக் கிட்ட, சாமான்களுக்குச் சுற்றிவரும் மெல்லிய வெள்ளை நுரைத்தாள் ஒரு படை. ஒளி முதலில் அதில் பரவி, பிறகு ட்ரேசிங் தாளில் மறுபடியும் பரவி வெளியே வருகிறது. பத்து சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கும் எறும்புக்கு, உள்ளங்கையை விடப் பெரிய அந்தத் தாள் மேகமூட்டமான வானம் போலத்தான். இத்தனைக்கும் செலவு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். தயிர்க் கோப்பை, ஐஸ்கிரீம் டப்பா, வெள்ளை பொலித்தீன் என்று எத்தனையோ செய்து தோற்ற பிறகுதான் இந்தப் பெட்டி வந்ததாம்.

அவன் வைக்கும் அளவையும் கேட்டு எழுதிக்கொண்டேன். ஷட்டர் 1/125 செக்கன், துவாரம் எஃப் 11, பிளாஷின் வலு பதினாறில் ஒரு பங்கு. லென்ஸைத் திருகித் தெளிவு பார்ப்பதில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு உடலை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, கண் தெளியும் கணத்தில் அமர்த்துவான். முழங்கைக்கு மணல் நிரப்பிய துணிப்பை. பின்னணி கறுத்துப் போகாமல் இருக்கப் பூச்சிக்குப் பின்னால் ஒரு பச்சை இலையைப் பிடித்துக்கொள்வான். விடியற்காலையே உகந்த நேரம். வெயில் ஏறுமுன் தும்பிகள் குளிரில் விறைத்து, இறகில் பனித்துளியோடு புல் நுனியில் தொங்கும். கிட்டப் போனாலும் பறக்காது.

பூச்சியை அசையாமல் செய்யக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்களும் உண்டாம். “அது பாவம் சேர். அதுக்கும் வேலை கிடக்குத்தானே” என்றான் பையன். எனக்குப் பிடித்த பதில்!

“இதால என்ன பிரயோசனம் சேர்?”

தேநீர் வந்தது. தகப்பன் எதிரே இருந்து நேரடியாகவே கேட்டார். “கல்யாண வீடு எடுத்தாலும் நாலு காசு வரும். எறும்பை எடுத்து என்ன பிரயோசனம் சேர்? அதுவும் இந்தக் குப்பைச் சாமானை வச்சுக்கொண்டு?”

நான் அவருக்கு மூன்று பேருடைய கதையைச் சொன்னேன்.

முதலாமவர் தமிழர். 1912இல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். இந்தியாவின் காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950இல் தொடங்கிய பத்தியை 1996இல் இறக்கும்வரை எழுதினார். அப்படிப்பட்டவரின் கமரா எப்படி இருந்தது தெரியுமா? ஒரு கம்பனியின் உடல், வேறொரு கம்பனியின் தூர லென்ஸ், மற்ற உதிரிகள் எல்லாம் அவரே பொருத்தியவை. அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று செல்லப் பெயரும் வைத்திருந்தார். விலை உயர்ந்த கருவிகளோடு வந்தவர்களெல்லாம் அதைக் கண்டு அசந்து போனார்களாம். அவர் எடுத்தது யானையை, உங்கள் மகன் எடுப்பது எறும்பை. கமரா கட்டிய விதம் ஒன்றுதான்.

இரண்டாமவர் அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்து விவசாயி மகன், வில்சன் பென்ட்லி. வானத்திலிருந்து விழும் பனிச் செதில்களின் மேல் அவருக்குப் பைத்தியம். பதினைந்து வயதில் தாய் ஒரு பழைய நுணுக்குக்காட்டியைக் கொடுத்தார். தந்தைக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் மனமில்லாமலே ஒரு கமரா வாங்கிக் கொடுத்தார். மகன் இரண்டையும் ஒன்றாகப் பொருத்தி, 1885 ஜனவரி 15ஆம் திகதி, தமது பத்தொன்பதாவது வயதில், பனிச் செதிலின் படத்தை எடுத்தார். பிறகு 5,000க்கும் மேற்பட்ட செதில்களைப் படம் பிடித்தார். ஒன்றைப் போல இன்னொன்று இருப்பதில்லை என்று உலகம் பேசுவது அவருடைய படங்களைக் கண்ட பின்புதான்.

“பத்தொன்பதா?” என்று தகப்பன் திரும்பி மகனைப் பார்த்தார்.

மூன்றாமவர் இங்கிலாந்தின் ஸ்டீபன் டால்டன். பறக்கும் பூச்சியை அந்தரத்தில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமென்று ஆசைப்பட்டார். அன்றைய பிளாஷ்கள் அதற்குப் போதிய வேகம் இல்லை. மின்னியல் தெரிந்த ஒரு நண்பரின் துணையோடு, செக்கனின் 25,000இல் ஒரு பங்கு நேரம் மட்டும் மின்னும் பிளாஷைச் செய்வித்தார். பூச்சி ஓர் ஒளிக்கதிரைக் கடக்கும் கணத்தில் கமரா தானாகவே படம் எடுக்கும். 1975இல் அந்தப் படங்கள் நூலாக வந்தன. இரண்டு வருடங்களில், 1977இல், விண்வெளிக்குப் போன வொயேஜர் கலங்களின் தங்கத் தட்டில் அவருடைய படம் ஒன்றும் ஏறியது. பூக்களின் மேல் பறக்கும் ஒரு பூச்சியின் படம்! சூரியக் காற்றின் எல்லையையும் கடந்து அது இன்று போய்க்கொண்டிருக்கிறது.

இந்தக் கலைக்கு ஆணிவேர் எங்கே என்று தேடினால், பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னு அல்-ஹைதம் அவர்களிடம் போய் நிற்கும். ஆயிரம் வருடங்களுக்கு முன் ‘கிதாபுல் மனாளிர்’ என்ற ஏழு பாக நூலில் ஒளியும் பார்வையும் செயல்படும் விதத்தைப் பரிசோதனை வழியாக ஆராய்ந்தார். சூரிய கிரகணத்தின்போது சிறு துவாரத்தால் இருட்டறைக்குள் விழும் பிறை வடிவான ஒளியை அவதானித்து அதற்கும் கணக்குப் பார்த்தார். அவரிடம் லென்ஸும் இல்லை, பிலிமும் இல்லை. ஓர் அறையும் ஒரு துவாரமும் பொறுமையும் மட்டுமே இருந்தன.

மாங்குளத்துச் சிலந்தி

கதைகள் கேட்க நன்றாக இருக்கும். ஊருக்கு என்ன நன்மை? அதற்கும் பதில் தூரத்தில் இல்லை.

2009இல் மாங்குளத்தில் கிராமவாசி ஒருவர் செத்த சிலந்தி ஒன்றை ஆய்வாளர்களிடம் கொண்டுவந்து காட்டினார். உள்ளங்கையை மூடும் அளவுள்ள புலிமுகச் சிலந்தி வகை. ஆய்வாளர்கள் மேலும் தேடிக் கண்டுபிடித்து, 2012இல் அதைப் புதிய இனம் என்று விவரித்தார்கள். தேடலுக்கு வழிகாட்டிய பொலிஸ் அதிகாரி ஒருவரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இராமேஸ்வரத்திலிருந்து 2004இல் விவரிக்கப்பட்ட அதே குடும்பத்துச் சிலந்தி ஒன்று மன்னார் மாவட்டத்திலும் வாழ்வதாகப் பின்னர் பதிவானது. கடல் இரு கரையையும் பிரித்தாலும், அதற்கு முன் நிலம் இணைந்திருந்ததைச் சிலந்தி ஞாபகம் வைத்திருக்கிறது!

நம் கரையில் ஒக்டோபர் மாதத்தில் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தும்பியையும் பாருங்கள். அந்த இனத் தும்பிகள் இந்துசமுத்திரத்தைக் கடந்து ஆபிரிக்கா வரை போகின்றன என்ற கருத்தை, மாலைதீவில் வருடக்கணக்காக அவற்றைக் குறித்துவைத்த சார்ள்ஸ் அண்டர்சன் என்ற கடலியல் ஆய்வாளர் 2009இல் எழுதினார். எந்த நாளில், எத்தனை தும்பி வந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதியதுதான் அவருடைய ஆயுதம்.

விடத்தல்தீவுக் கரையின் கண்டலும் சேற்று நிலமும் 2016இல் இயற்கை ஒதுக்கிடமாக வர்த்தமானியில் வந்தன. அங்கே என்ன இருக்கிறது என்று பட்டியல் போடக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருவார்கள், நல்லது. ஆனால் வருடம் முழுவதும் விடியற்காலையில் எழும்பிப் பார்க்க இந்த ஊர்ப் பிள்ளையால்தான் முடியும். முப்பது வருடம் இந்த மண்ணில் ஆளை ஆள் எண்ணுவதற்கே நேரம் சரியாக இருந்தது. பூச்சியை எண்ண யார் இருந்தார்கள்? இன்று ஒரு பிள்ளை எண்ணத் தொடங்கியிருக்கிறான். திகதியும் இடமும் எழுதி வைத்தால், அந்தப் படங்கள் ஒரு நாள் சாட்சியாகும்.

அதையே பையனிடமும் சொன்னேன். ஒவ்வொரு படத்துக்கும் நாள், நேரம், மரம் அல்லது செடியின் பெயர் எழுத வேண்டும். இன்னொன்றும் சொன்னேன். எவ்வளவு அழகான தும்பியானாலும், மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் ஓரடியும் எடுத்து வைக்கக்கூடாது. பழக்கமான பாதை, வயல் வரம்பு, வீட்டு வேலி போதும். ஒரு வேலியில் இருக்கும் உயிர்களை எடுத்து முடிக்கவே ஆயுள் போதாது.

பெற்றோரின் கவனத்துக்கு

வாசக நேயர்களே! பிள்ளைகள் ஒன்றைக் கழற்றினால் “பழுதாக்கிப் போட்டான்” என்கிறோம். ஒன்றை ஒட்டினால் “குப்பை சேர்க்கிறான்” என்கிறோம். விலை கொடுத்து வாங்கிய கைத்தொலைபேசியில் இரவு முழுவதும் தலை குனிந்திருந்தால் மட்டும் பேசாமல் இருக்கிறோம். எது ஆபத்து, எது ஆர்வம் என்று பிரித்துப் பார்ப்பது நம் கடமை. ஆபத்தைத் தடுக்க வேண்டும். அந்தச் சாக்கில் ஆர்வத்தையும் சேர்த்து வெட்டிவிடக் கூடாது. மின்சாரம் உள்ள பெட்டியைத் திறக்காதே என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். குழாயும் கம்பியும் பெட்டியும் எடுத்துக் கொடுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். வீட்டு முற்றத்துச் செவ்வரத்தையில் இருக்கும் எறும்பைப் படம் பிடிக்க எந்த ஊருக்கும் போக வேண்டியதில்லை. கமரா இல்லாவிட்டால் ஒரு கைக்கண்ணாடியும் கொப்பியும் போதும்; பார்த்து எழுதும் பழக்கம்தான் முக்கியம்.

இரண்டு மாதங்களுக்குப் பிறகு புத்தளத்துக்கு மறுபடியும் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அதே தகப்பன்.

“சேர், அவன் வச்சிருந்த பட்டை ஆடுது. வெயிட் தாங்கேல்லை. நான் பழைய சைக்கிள் கரியர் ஒண்டை வெட்டி வேறை ஒண்டு செய்து குடுத்தனான். இப்ப அசையாது.”

“எறும்பை எடுத்து என்ன பிரயோசனம் எண்டு கேட்டனீங்கள்?” என்றேன் சிரித்துக்கொண்டு.

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: “அந்த முசுறுப் படத்தைப் பெரிசாக்கிக் கடையிலை ஒட்டியிருக்கு சேர். டியூப் ஒட்ட வாறவை அதைப் பார்த்துக்கொண்டு நிக்கினம். போகச் சொன்னாலும் போகினம் இல்லை.”